மண்ணெண்ணெய் குடித்த கார்

கண்டாவளையில் ஒருவன் ஒரு பழைய காரில் உயிரையே வைத்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வது லேசான காரியமில்லை. பிள்ளை, சகோதரம், வீடு, மாடு, நகை என்று இழப்பைச் சொல்ல இங்கே ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் தகரத்துக்கு இடமில்லை. 2009 தை மாதம் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் சனம் போன போக்கைக் கண்டவர்கள், ஒரு வாகனத்துக்காகக் கவலைப்பட வெட்கப்படுவார்கள். நானும் வெட்கப்பட்டேன். ஆனாலும் கவலைப்பட்டேன். இவ்வளவு காலமும் மனைவிக்கு மட்டும் தெரிந்திருந்த இந்தச் சங்கதியை இப்போது எழுதுகிறேன்.

கார் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘ஏ போட்டி’. இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952இல் செய்யத் தொடங்கி 1954இல் நிறுத்திய மாதிரி. அந்தக் கொஞ்சக் காலத்துக்குள்ளேயே 1,73,306 கார்கள் வெளியே வந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் கடன்பட்டு நொந்துபோயிருந்த பிரித்தானியா, ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைகளுக்கே உருக்கை முதலில் பங்கிட்ட காலம் அது. உள்ளூர்க்காரன் காருக்குப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க, கார்கள் கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் போயின. அப்படி வந்து யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் இருந்த காரைத்தான் ஐயா இரண்டாம் கையாக வாங்கினார்.

பூசணிக்காய் போல எங்கும் உருண்டை. கூர் விளிம்பு ஒன்றும் கிடையாது. 1,200 சீசீ, நாலு சிலிண்டர், 42 குதிரைவலு. கியர்த் தடி ஸ்ரேறிங்குக்குக் கீழே இருப்பதால் முன் ஆசனம் ஒரே வாங்காக நீளும்; சாரதியோடு மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். திரும்பும்போது கதவுத் தூணுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கைகாட்டி விளக்கு வெளியே நீட்டும். சிறுவயதில் எனக்கு அந்தக் கைகாட்டிதான் கார். அது சில நேரம் நீட்டாது. அப்போது ஐயா தூணில் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார்.

ஜப்பானின் நிஸான் கம்பனி 1952இன் கடைசியில் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, அடுத்த வருடம் இதே ஏ40 சோமசெற்றைத் தன் நாட்டில் பொருத்தத் தொடங்கியது. நவீன கார் செய்யும் வித்தையில் பெரும்பங்கை நிஸான் இங்கேதான் பிடித்தது. பிறகு 1977இல் இலங்கை இறக்குமதிக் கதவைத் திறந்தபோது ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன, ஒஸ்ரினும் மொறிஸும் கிழவர்களாகின. சீடன் வந்து குருவை வீதியை விட்டுக் கலைத்த கதை என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் கணிதம் படிப்பித்தவன், மெக்கானிக் இல்லை. வகுப்புக்குள் காரைக் கொண்டுவர எனக்கு எப்போதும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

ஆனால் வடக்கில் அந்தக் கிழவர்கள் அவ்வளவு லேசில் ஒதுங்கவில்லை. 1960களில் அந்நியச் செலாவணி முட்டுப்பட்டுக் கார் இறக்குமதி இறுகியது. 1970க்கும் 1977க்கும் இடையில் அது ஏறக்குறைய அடைபட்டே போனது. கையில் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடுவதுதான் வழி. தகரம் அடிக்கத் தெரிந்தவர், பிஸ்ரன் றிங் கடைந்து தரத் தெரிந்தவர், வயறிங் செய்யத் தெரிந்தவர் என்று ஒரு தலைமுறை அந்தக் கார்களிலேயே தொழில் பழகியது. பழைய கார் ஒன்று உயிரோடு இருக்க அதன் கம்பனி இருக்கவேண்டும் என்றில்லை. அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள் பக்கத்து ஊரில் இருந்தால் போதும்.

நம்பர்த் தகட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் காருக்கு ஆங்கில எழுத்து நம்பர். 1957இல் புதிய சட்டத்தின்படி, புதிதாகப் பதிகிற வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடத்தியது. 1958 தை முதலாம் திகதி பஸ்கள் தேசியமயமாகி, சிங்கள ஸ்ரீ போட்ட பஸ்கள் வடக்குக்கு வந்ததும் தார் வாளியும் தூரிகையும் மறுபடி வெளியே வந்தன. வடக்கில் சிங்கள எழுத்துக்குத் தார், தெற்கில் தமிழ் எழுத்துக்குத் தார். அந்தச் சித்திரையிலேயே பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிபட்டது. அடுத்த மாதம் கலவரம். எங்கள் கார் அதற்கு முந்திய பதிவு. ஆங்கில எழுத்துக்கு எவரும் தார் பூசவில்லை. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் ‘இங்கிலிஷ் நம்பர்’ என்று கேட்டுக் கூடிய விலை கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அது பழமையின் முத்திரை. எனக்கு அது, வெள்ளைக்காரன் எழுத்தோடு நின்றதால் இரண்டு பக்கத் தாருக்கும் தப்பிய தகடு.

ஐயா அதை ஹயருக்கு ஓட்டினார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு வருகிற உத்தியோகத்தர்கள், கல்யாண மாப்பிள்ளைகள், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை போகிற குடும்பங்கள், புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், பிள்ளைத்தாச்சிகள். மீன் மட்டும் ஏற்றமாட்டார். எங்கள் வீட்டுக்குக் ‘கார்க்காரர் வீடு’ என்று பெயர். நான் மாஸ்ரராகிக் கன காலத்துக்குப் பிறகும், கடிதம் கொண்டுவருகிறவருக்கு அது கார்க்காரர் வீடுதான்.

1990 ஆனியில் யுத்தம் மறுபடி தொடங்க, பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம் எல்லாம் எங்கள் பக்கம் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. புதிய ஜப்பான் கார்கள் மாமரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டன. ஏ போட்டி எழும்பி நின்றது. வெளியூர் ஆட்கள் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆகவே எப்படி என்று விபரமாகச் சொல்கிறேன்.

பெற்றோல் லேசில் ஆவியாகும்; மண்ணெண்ணெய் ஆகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால் அது துளித்துளியாகச் சுவரில் ஒட்டுமேயொழியப் பற்றாது. போதாக்குறைக்கு, அழுத்தம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முந்தி வெடித்து ‘டக் டக்’ என்று தட்டும். அப்படியே ஓடினால் பிஸ்ரன் போய்விடும். புதிய கார்கள் தோற்றது இங்கேதான். ஏ40இன் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்றுத்தான் மேலே. மட்டமான பெற்றோலையும் சகிக்கவேண்டும் என்று யுத்தம் முடிந்த கையோடு கீறிய எஞ்சின். அந்தச் சகிப்பு நாற்பது வருடம் கழித்து எங்களுக்கு உதவியது.

ஐயா எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்னப் பேணியைக் கட்டி அதற்குள் பெற்றோல் வைத்தார். பின்னால் பெரிய தாங்கி முழுக்க மண்ணெண்ணெய். இரண்டு குழாயும் வந்து சேருகிற இடத்தில் உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய பித்தளை ரப் ஒன்று. அதன் பிடி டாஷ்போட்டுக்குக் கீழே, சாரதியின் முழங்காலுக்குக் கிட்ட. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, றேடியேற்றரில் கை வைக்க முடியாத சூடு வந்தபிறகு ரப்பைத் திருப்பவேண்டும். மண்ணெண்ணெய் வருகிற செப்புக் குழாயைப் புகைபோக்கி இரும்பில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார், வழியிலேயே சூடாகட்டும் என்று. றேடியேற்றருக்கு முன்னால் ஒரு தகரத் துண்டு, காற்றுப் பட்டு எஞ்சின் குளிராமல். தீப்பொறியின் நேரத்தையும் கொஞ்சம் பிந்தி வைத்தார்.

நிறுத்துவதில்தான் வித்தை. போய்ச் சேருகிற இடத்துக்குக் கால் மைல் இருக்கும்போதே ரப்பை மறுபடி பெற்றோலுக்குத் திருப்பிவிடவேண்டும். கார்பறேற்றர்க் கிண்ணத்தில் கிடக்கிற மண்ணெண்ணெய் எரிந்து முடிந்து, பெற்றோல் வந்து நின்றபிறகு நிறுத்தினால்தான் அடுத்த ஸ்ரார்ட். மறந்தால் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்க்கவேண்டும். இரவில், ஷெல் விழுகிற பக்கம் எது என்று காதைக் கொடுத்துக்கொண்டு அதைச் செய்வது சுகமான வேலையில்லை. ஆகவே ஐயா எந்த ஒழுங்கையில் எந்தப் பனைக்குக் கிட்ட ரப் திருப்புவது என்று இடம் குறித்து வைத்திருந்தார். எண்ணெய்க் கோல் இன்னொரு வேடிக்கை. சாதாரண காரில் ஓட ஓட எஞ்சின் ஒயில் குறையும். எங்கள் காரில் கூடும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழே ஒயிலோடு கலப்பதால் கோலில் மட்டம் ஏறிக்கொண்டே வரும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு; ஏறின ஒயிலைத் தொட்டு விரலில் உரசிப் பார்த்து, வழுக்கல் இருக்கிறதா என்று ஐயா முடிவெடுப்பார்.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு என்று நான் பெருமை பேசியதுண்டு. உண்மையில் ஃபோர்ட்சன், ஃபேர்குசன் உழவு இயந்திரங்கள் பிரித்தானியக் கமங்களில் இதே முறையில்தான் ஓடின. பெற்றோலில் தொடங்கி, மலிவான கனத்த எண்ணெய்க்கு மாறும். அவர்கள் அதைத் தொழிற்சாலையில் செய்து விற்றார்கள். நாங்கள் இருந்ததை வைத்து, கேட்டும் பார்த்தும் மறுபடி செய்துகொண்டோம். குடாநாட்டிலும் வன்னியிலும் எத்தனையோ கராஜ்களில் ஒரே காலத்தில் இது நடந்தது. முதல் யார் செய்தது என்று கேட்டால் ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள்.

ஐயா போனபிறகு கார் என் கைக்கு வந்தது. 2008 மார்கழியில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அதற்கு ஓடக்கூடிய ரயர் இல்லை. உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களும் பிள்ளைகளும் ஏறியபிறகு, நான் கொட்டிலுக்குப் போய்க் காருக்கு மேலே ஓலை இழுத்துப் போட்டேன். ஓலையால் எதற்கு எதைக் காக்கலாம்? மனைவி பெட்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றும் சொல்லவில்லை. தருமபுரம், விசுவமடு, அதற்கங்கால் நடந்ததை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. இங்கே சொல்லவேண்டியது ஒன்றுதான்: அவ்வளவுக்கும் நடுவில், பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு, ரப்பைப் பெற்றோல் பக்கம் திருப்பி வைத்தேனா என்று நான் யோசித்திருக்கிறேன். ஓடாத காருக்கு.

திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கார் இருந்தது; காரில் அநேகமானவை இல்லை. கண்ணாடி, சில்லு, ஆசனங்கள், டைனமோ, கார்பறேற்றர், பொனற்றில் இருந்த பறக்கிற ‘ஏ’ எல்லாம் போய்விட்டன. எஞ்சின் இறுகிப்போனதால் கழற்ற முடியாமல் விட்டிருக்கிறார்கள். பித்தளை ரப்பும் இருந்தது, டாஷ்போட்டுக்குக் கீழே குனிந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை போலும்.

இழப்பு விபரம் பதிய வரிசையில் நின்றபோது படிவத்தில் ‘வாகனம்’ என்று ஒரு கட்டம். எனக்குப் பின்னால் நின்றவ எங்கள் ஊர் மனுசி. மூத்த மகனையும் புருசனையும் இழந்தவ. என் பேனை அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. கடைசியில் அதை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். நட்டஈடு வந்திருக்காது என்பது வேறு கதை. அவவுக்கு முன்னால் ‘கார்’ என்று எழுத என்னால் ஏலவில்லை, அவ்வளவுதான்.

காரைத் திருத்தியது மெல்ல மெல்ல. இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை லட்சத்தோடு நாங்கள் போட்டதும் சேர்ந்து வீடு எழும்பியது. அதுவரை காரில் கை வைப்பதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வீடு குடிபுகுந்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு கொட்டிலுக்குப் போனது. “உங்களுக்குப் பென்சன் வந்தாலும் அதுக்குத்தான் முதல் சோறு” என்று அவ சொல்லிக் காட்டுவா. கேம்பிறிட்ஜ் ஏ55 வைத்திருந்தவர்கள் குடுத்துவைத்தவர்கள். அதன் 1,489 சீசீ எஞ்சினின் அச்சுத்தான் இந்திய அம்பாசடருக்கும் போனது. சாமான் சென்னையிலேயே எடுக்கலாம். சோமசெற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கார்பறேற்றர் யாழ்ப்பாணத்தில் உடைத்த கார் ஒன்றிலிருந்து. றப்பர்ச் சீல்கள் இங்கிலாந்திலிருந்து, மச்சான் ஒருத்தர் உடுப்புப் பொதிக்குள் வைத்து அனுப்பியவை. ஆசனத்துக்குத் தோல் கிடைக்காமல் றெக்சின் அடித்தோம். அதில் எனக்குத் திருப்திதான்.

கார் ஓடத் தொடங்கிய கிழமை அந்த மனுசி வீட்டுக்கு வந்தா. நேரே கொட்டிலுக்குப் போனா. நான் பின்னால் போனேன், என்ன சொல்லப்போகிறாவோ என்ற பயத்தோடு.

“மாஸ்ரர், பின் கதவைத் திறவுங்கோ.”

திறந்தேன். குனிந்து பின் ஆசனத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தா.

“சீற்றை மாத்திப்போட்டியள்.”

“ஓம் அக்கா, பழசு களவு போட்டுது.”

“இதிலை வைச்சுத்தான் உங்கடை ஐயா என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனவர். மூத்தவன்ரை வயித்துக்குத்து. அண்டைக்கு மண்ணெண்ணெய் மணத்திலை ரெண்டு தரம் சத்தியெடுத்தனான். மனுசன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, தானே கழுவினது. பழைய சீற்றுக் கறுப்புச் சிவப்பு. இது என்ன நிறம்?”

கடும் மண்ணிறம் என்றேன். வடிவில்லை என்றா. பிறகு முன் வாங்கில் ஏறி இருந்து, ரப் இன்னும் இருக்கிறதா என்று கேட்டா. காட்டினேன். அதைப் பிடித்து ஒருக்கால் திருப்பிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டா. மகனைப் பற்றிப் பேச அவவுக்கு ஊரில் எத்தனையோ இடம் இருந்திருக்கும். அவன் பிறக்கப் போன வாகனம் இது ஒன்றுதான். தகரத்துக்கு வரிசையில் இடமில்லை என்ற என் கணக்கை அவ அன்றைக்குக் கொட்டிலுக்குள் வைத்துப் பிழையென்று காட்டிவிட்டுப் போனா. அடுத்த முறை றெக்சின் அடித்தபோது கறுப்புச் சிவப்பு தேடி எடுத்தேன்.

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கண்டாவளை தண்ணீருக்குள் நின்றபோது, பொடியள் உழவு இயந்திரத்தால் காரை மேட்டுக்கு இழுத்துவிட்டார்கள். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்து கிழமைக்கு இவ்வளவு என்று அளந்தபோது, ரப்பைப் பார்க்க ஊர்ப் பொடியள் எல்லாரும் வந்தார்கள். ஆனால் அந்த முறை மண்ணெண்ணெய்க்கும் வரிசை. ஆவணியில் அதன் விலை ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதோடு எங்கள் வீரமும் அடங்கியது.

2020 பங்குனியிலிருந்து 2025 தை கடைசி வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததும் பழைய கார்களின் விலையை ஏற்றிவிட்டது. அந்தச் சூட்டில்தான் கனடாவிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் ஆள்தான், யாழ்ப்பாணத்தில் விருந்தினர் விடுதி ஒன்று கட்டுகிறார், வாசலில் ஏ போட்டி நிற்கவேண்டும். காரைச் சுற்றி வந்து பார்த்ததிலேயே விசயம் தெரிந்தவர் என்று விளங்கியது. சொன்ன விலை என் பென்சனின் பல வருடம். பிறகு பொனற்றைத் திறந்தார்.

“அண்ணை, இந்தச் செப்புக் குழாய், பேணி, ரப் எல்லாத்தையும் கழட்டி ஒறிஜினலாக்கிப்போட்டுத் தாங்கோ. அதுக்கும் சேர்த்துத் தாறன்.”

அவர் கேட்டதில் தவறில்லை. உலகம் முழுக்கச் சேகரிப்பவர்களின் நியாயம் அதுதான். 2022இல் ஒரு மேர்சிடீஸ் 300 எஸ்எல்ஆர் கூபே 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. செய்ததே இரண்டுதான், தொழிற்சாலையே பொத்திப் பொத்தி வைத்திருந்த கார். அந்த விலை, கை படாத பழமைக்கு. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன். வரிசையாக நின்ற கார்களைப் பார்த்துக் கண் கூசியது. வாசல் வரை வந்தபிறகுதான் உள்ளே எங்கும் எண்ணெய் மணக்கவில்லை என்று உறைத்தது. அப்படி மினுங்க வைக்க எனக்கும் ஆசை வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால் அந்த நியாயத்துக்கும் அவர்களுக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது. ஃபீவா என்ற பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பு 1966இல் தொடங்கியது. அது 2012இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஒரு வாகனம் உழைத்த காலத்தில் அதில் செய்யப்பட்ட மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி, புதிது போலாக்குவதற்காக அவற்றை அழிக்கத் தேவையில்லை என்பது அதன் நிலைப்பாடு. அதைக் கைத்தொலைபேசியில் எடுத்து அவருக்குக் காட்டினேன். அவர் ஆற அமர வாசித்தார். நான் வாதத்தில் வென்றேன் என்றுதான் நினைத்தேன். உண்மை என்னவென்றால், சாசனம் இல்லாவிட்டாலும் நான் கழற்றியிருக்கமாட்டேன். லோங்பிரிட்ஜில் செய்த மாதிரி ஒரு சோமசெற் வேண்டுமென்றால் இங்கிலாந்தில் எத்தனையோ நிற்கின்றன. பனையடியில் ரப் திருப்பிய சோமசெற்றுக்கு அங்கே எவரும் சாட்சி சொல்லமுடியாது.

அவர் விற்பனையைப் பற்றிப் பிறகு பேசவில்லை. வேறெங்கோ ஒரு ஏ போட்டி வாங்கிவிட்டார், படம் அனுப்பினார். பளிச்சென்று பச்சை நிறம், நல்ல வேலை. போன மாதம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. விடுதிக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் இது மண்ணெண்ணெயில் ஓடினதா என்றுதான் முதல் கேட்கிறார்களாம், இல்லையென்றால் முகம் விழுகிறதாம்.

“அண்ணை, அந்த மாதிரிப் பித்தளை ரப் இன்னொண்டு உங்களிட்டை இருக்குமோ? என்ன விலையெண்டாலும் பரவாயில்லை.”

இல்லை என்று சொன்னேன். ஐயாவின் சாமான் பெட்டிக்குள் இன்னும் இரண்டு இருக்கின்றன.